ஆறு மாதம் ஆகட்டும் என்று சொன்னது யார்?

"குட்டிக்கு ஆறு மாசம் ஆகட்டும் சார், அப்புறம் டிரெயினிங் பார்த்துக்கலாம். இப்போ விளையாடட்டும், பாவம்." நாய்க்குட்டி வாங்கியவர்கள், தெருவிலிருந்து தூக்கி வந்தவர்கள் எல்லோரும் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு ஒன்பது வாரக் குட்டி ஒன்று வந்தபோது ஒரே வாரத்தில் மூன்று பேர் என்னிடம் இதையே சொன்னார்கள். மூன்று பேரும் நாய் வளர்த்து அனுபவப்பட்டவர்கள். அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதென்ன சொல்லிவைத்தாற்போல் ஆறு மாதம்? நான்கு என்றோ எட்டு என்றோ ஏன் யாரும் சொல்வதில்லை? பிள்ளைகள் விஷயத்தில் "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று சொல்லும் ஊர், நாய்க்கு மட்டும் ஏன் தலைகீழாகக் கணக்குப் போடுகிறது?

இதைத் தேடிக்கொண்டு பழைய நாய்ப் பயிற்சிப் புத்தகங்களின் வரலாற்றுக்குள் போனேன். நான் வந்து சேர்ந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் என்பது நாயின் மூளையைப் பார்த்துப் போட்ட கணக்கு அல்ல, அதன் கழுத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. சங்கிலியைச் சுண்டி இழுத்தால் தாங்கக்கூடிய கழுத்து எப்போது வரும் என்பதுதான் கேள்வியாக இருந்தது. கருவி சங்கிலியாக இருந்தவரை குட்டி காத்திருக்க வேண்டியிருந்தது. கருவி ஒரு துண்டு இறைச்சியாக மாறியதும் காத்திருக்கும் தேவை போய்விட்டது. ஆனால் பேச்சு மட்டும் போகவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நாய்ப் பயிற்சி என்றால் வேட்டை நாய்ப் பயிற்சிதான். பறவை இருக்கும் இடத்தைக் காட்டி அசையாமல் நிற்க வேண்டும், துப்பாக்கி வெடித்தால் ஓடக்கூடாது, சுட்டது விழுந்தால் கடித்துக் குதறாமல் எடுத்து வர வேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் இருந்த பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும்: 'டாக் பிரேக்கிங்'. நாயை உடைப்பது. 1848-இல் இங்கிலாந்து ராணுவ அதிகாரி டபிள்யூ. என். ஹட்சின்சன் எழுதி, பல பதிப்புகள் கண்ட புத்தகத்தின் தலைப்பே அதுதான். தமிழில் மாட்டை அடக்குகிறோம், யானையைப் பழக்குகிறோம், குதிரையையும் பழக்குகிறோம். 'உடைப்பது' என்ற சொல் நம்மிடம் இல்லை. அதற்காக நாம் அடிக்காதவர்கள் என்று அர்த்தமில்லை. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பதும் நம் பழமொழிதானே.

உடைப்பதற்கு முதலில் உடைக்க ஏதாவது இருக்க வேண்டும். ஆகவே நாய் ஓரளவு வளரும்வரை ஓடியாட விட்டு, அதன் முரட்டுத்தனம் முழுதாக வெளிவந்த பிறகு சாட்டையும் கயிறுமாகப் பிடித்து வழிக்குக் கொண்டுவருவது பரவலான வழக்கம். இளம் குட்டியை அப்படி நடத்தினால் அது பயந்து ஒடுங்கிவிடும், பிறகு வேட்டைக்கே உதவாது என்பது அவர்களுக்கும் தெரியும். 'குட்டியைச் சீக்கிரம் பழக்காதே' என்ற அறிவுரை அங்கே முழுக்க நியாயமானது. அவர்கள் கையிலிருந்த கருவிக்கு அது சரியான அறிவுரைதான்.

இந்த வழக்கத்தை அந்தக் காலத்திலேயே எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' என்ற அமெரிக்க வேட்டைப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த எஸ். டி. ஹேமண்ட் 1882-இல் ஒரு புத்தகம் போட்டார். 'பழக்குவதா, உடைப்பதா' என்ற கேள்வி அதன் தலைப்பிலேயே உண்டு. நாய் சரியாக ஒன்றைச் செய்யும்போது பாராட்டுங்கள், ஒரு துண்டு இறைச்சி கொடுங்கள் என்பது அவர் கட்சி. குட்டியின் முன்னால் இறைச்சியை வைத்து, 'நில்' என்று சொல்லி, அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்கப் பழக்கினார். இன்று யூடியூபில் பத்து வாரக் குட்டி பிஸ்கட் முன்னால் எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கும் வீடியோ பார்க்கிறோமே, அச்சு அசல் அதேதான். ஏறக்குறைய அதே காலத்தில் நியூ மெக்சிகோவில் மான்டேக் ஸ்டீவன்ஸ் என்பவர் கரடி வேட்டை நாய்களை உதைக்காமல், அடிக்காமல், ரொட்டித் துண்டு கொடுத்தே பழக்கிப் பேர் வாங்கியிருக்கிறார். கரடியை எதிர்த்து நிற்கும் நாய்க்கே ரொட்டித் துண்டு போதுமானதாக இருந்திருக்கிறது!

(இடையில் ஒரு சின்ன வம்பு. நாய் பிஸ்கட் என்ற பண்டம் சந்தைக்கு வந்ததும் இந்த நூற்றாண்டில்தான். இடிதாங்கி விற்க அமெரிக்காவிலிருந்து லண்டன் போன ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற வியாபாரி 1860 வாக்கில் அதைத் தொடங்கினார். ஆனால் அது சாப்பாடாக விற்கப்பட்டது. சரியாகச் செய்ததற்குக் கூலி என்ற பொருளில் யாரும் விற்கவில்லை.)

ஹேமண்ட் சொன்னதை உலகம் பிடித்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. வரலாறு வேறு பக்கம் திரும்பியது. நாய் வேட்டைக்காரர் கையிலிருந்து போலீஸ்காரர் கைக்கும், பிறகு ராணுவத்தின் கைக்கும் போனது.

கான்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மானியர் 1906-இல் சார்புரூக்கன் நகரப் போலீஸில் நாய்களைப் பழக்கத் தொடங்கினார். 1910-இல் அவர் வெளியிட்ட கையேடு நாய்ப் பயிற்சி வரலாற்றில் ஒரு மைல்கல். இவரை வெறும் முரடர் என்று ஒதுக்கிவிட முடியாது. நாய்க்கு மனிதனைப் போல ஒழுக்க உணர்வு கிடையாது, 'தப்பு செய்துவிட்டோம்' என்று அது வருந்தாது, செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை மட்டும்தான் அது கற்றுக்கொள்ளும், ஆகவே விளைவு உடனடியாக வரவேண்டும் என்று தெளிவாக எழுதியவர். பி. எஃப். ஸ்கின்னரின் முதல் பெரிய நூல் 1938-இல் வந்தது. அதற்கு 28 ஆண்டுகள் முன்பே அந்தக் கொள்கைகளில் பலவற்றை மோஸ்ட் நடைமுறையில் வைத்திருந்தார். இனிய அனுபவம், கசப்பான அனுபவம் இரண்டையும் பயன்படுத்தினார். தீனியும் தட்டிக்கொடுத்தலும் உண்டு. கூடவே பிரம்பும், முள் வைத்த கழுத்துப் பட்டையும் உண்டு. போலீஸ் நாய் என்பது வளர்ந்த நாய். அதற்காக எழுதிய புத்தகத்தில் பிரம்பு தூக்கலாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

அந்தப் போலீஸ் முறையும் அதன் வாரிசுகளும் வீட்டு நாய்களுக்கும் வந்து சேர்ந்ததுதான் சிக்கல்.

வீட்டு நாய்க்கு 'கீழ்ப்படிதல்' என்று தனியாக ஒரு பயிற்சி, அதற்கு ஒரு போட்டி என்பதெல்லாம் 1930-களின் சரக்கு. ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி பூடில் நாய்கள் வளர்த்தார். பூடில் என்றாலே முடி அலங்காரம் செய்த பொம்மை என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்களாம். அதற்கும் மூளை இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்று 1933 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் ஒரு போட்டி நடத்தினார். கலந்துகொண்டவை மொத்தம் எட்டே நாய்கள். 1936-இல் அமெரிக்கன் கென்னல் கிளப் இதற்கு முறையான விதிகள் கொண்டுவந்தது. மறுவருடம் வாக்கரும் அவருடைய பயிற்சியாளர் பிளான்ச் சாண்டர்ஸும் பூடில்களை ஏற்றிக்கொண்டு ஒரு டிரெய்லர் வண்டியில் ஏறக்குறைய 10,000 மைல் அமெரிக்காவைச் சுற்றி வந்து செய்துகாட்டினார்கள். அந்தக் காலத்தில் இரண்டு பெண்கள் தனியாக நாய்களோடு இப்படிப் போனதற்கே ஒரு சினிமா எடுக்கலாம்.

சிட், டவுன், ஸ்டே, ஹீல், கம் என்று இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் கட்டளைகள் பிரபலமானதில் இந்தப் போட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டில் முழுக்கத் தமிழ் பேசும் ஆட்கள்கூட நாயைப் பார்த்ததும் "சிட்! டைகர், சிட்!" என்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறோமே, அதன் வேர் இந்தப் பக்கம்தான் எங்கோ இருக்கிறது. (நாய்க்கு மொழி ஒரு பொருட்டே இல்லை. 'உட்கார்' என்றாலும் அது உட்காரும். சொல் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா 'உட்காரு', அம்மா 'சிட்', பாட்டி 'சும்மா இருடா' என்று ஆளுக்கொன்று சொன்னால் பாவம், குட்டி என்ன செய்யும்?)

அந்த விதிகளில் இருப்பதை கவனியுங்கள்: போட்டியில் கலந்துகொள்ளும் நாய்க்கு ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும். இன்றும் அந்தப் போட்டிகளுக்கு இதுதான் விதி. போட்டிக்கு ஆறு மாதம் என்றால் அதற்குத் தயார்செய்யும் வகுப்புக்கும் ஆறு மாதம் என்றாகிவிடுவதில் வியப்பில்லை. அதற்கு மேல் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-இல் 'டாக்ஸ் ஃபார் டிஃபென்ஸ்' என்ற அமைப்பு பொதுமக்களிடமிருந்து நாய்களைத் திரட்டி ராணுவத்துக்குக் கொடுத்தது. அவையும் வளர்ந்த நாய்கள்தான். சில வாரங்களில் ஒரு நாயைக் காவலுக்குத் தயார் செய்ய வேண்டிய அவசரம் அங்கே. போருக்குப் பிறகு அங்கே பழகிய பயிற்சியாளர்கள் ஊர் திரும்பி வீட்டு நாய்களுக்கு வகுப்பு எடுத்தார்கள்.

அவர்களில் பெரிய பெயர் வில்லியம் கோலர். 1962-இல் வந்த அவருடைய புத்தகம் பல ஆண்டுகள் அமெரிக்க நாய்ப் பயிற்சியின் வேதப்புத்தகம். டிஸ்னி படங்களில் நடித்த நாய்களைப் பழக்கியவர். தீனி கொடுத்துப் பழக்குபவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவர் கையில் இருந்தது சங்கிலிப் பட்டையும் நீண்ட கயிறும். தோட்டத்தில் குழி தோண்டும் நாய்க்கு அவர் சொன்ன வைத்தியம், அந்தக் குழியில் தண்ணீர் நிரப்பி நாயின் முகத்தை அதில் அமுக்குவது. இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். ஆனால் நேர்மையாகச் சொன்னால் அவர் முறையில் நாய்கள் பழகின. ஆயிரக்கணக்கில் பழகின. 'பலன் தருமா' என்று கேட்டால் தரும் என்றுதான் சொல்ல வேண்டும். பத்து வாரக் குட்டிக்கு இதைச் செய்ய முடியுமா என்று கேட்டால்தான் அந்த முறையின் எல்லை தெரிகிறது.

சரி, இன்னொரு பக்கம் ஆய்வுக்கூடங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்ப்போம்.

நாய், ஆய்வுக்கூடம் என்றதும் எல்லோரும் பாவ்லோவிடம் போவார்கள். இந்தக் கதைக்கு அதைவிட முக்கியம் எட்வர்ட் தார்ண்டைக் என்று நினைக்கிறேன். 1898-இல் அவர் பூனைகளையும் நாய்களையும் மரப்பெட்டிகளில் அடைத்து, வெளியே உணவை வைத்தார். தாழ்ப்பாளைத் தற்செயலாகத் திறக்கும் விலங்கு, அடுத்தடுத்த முறை கொஞ்சம் கொஞ்சமாக வேகமாகத் திறந்தது. நல்ல விளைவு தந்த செயல் மறுபடி வரும் என்று இதிலிருந்து அவர் விதி சொன்னார். அதை ஸ்கின்னர் பெரிதாக வளர்த்தெடுத்தார்.

திருப்புமுனை நடந்தது ஒரு மாவு மில்லின் மேல்மாடியில். போர்க்காலத்தில், புறாக்களை வைத்து ஏவுகணைக்கு வழிகாட்ட முடியுமா என்று ஸ்கின்னரும் அவர் மாணவர்களும் மினியாபொலிஸ் நகரில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். (கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் உண்மை.) 1943-இல் ஒருநாள் வேலை இல்லாத நேரத்தில், ஒரு புறாவுக்குப் பந்து உருட்டக் கற்றுக்கொடுத்துப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தார்கள். பந்தை அடித்தால் தானியம் என்று காத்திருந்தார்கள். புறா அடிக்கவே இல்லை. சலித்துப்போய், பந்தைச் சும்மா பார்த்தாலே தானியம், அலகை அதன் பக்கம் திருப்பினால் தானியம் என்று படிப்படியாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் புறா பந்தைப் பெட்டியின் சுவரில் மோதி விளையாடிக்கொண்டிருந்தது. எந்திரம் எதுவும் இல்லாமல், கையில் கொஞ்சம் தீனியும் சரியான நேரத்தைப் பிடிக்கும் கண்ணும் இருந்தால் ஒரு புதிய நடத்தையையே செதுக்கிவிடலாம் என்பது அன்று அவர்களுக்குப் புரிந்தது.

அந்த ஆய்வில் இருந்த கெல்லர் பிரேலண்ட், மேரியன் பிரேலண்ட் தம்பதி படிப்பை அப்படியே விட்டுவிட்டு இதையே தொழிலாக்கினார்கள். முதலில் அவர்கள் கண் வைத்தது நாய்களின் மீதுதான். அடியில்லாமல் நாயைப் பழக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். நாய் உலகம் காது கொடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நாய் பழக்கியவர்களுக்குப் புறா பழக்கிய இரண்டு மாணவர்கள் வந்து பாடம் எடுப்பதா? தம்பதி கோழிக்குப் போய்விட்டார்கள். கால்நடைத் தீவன விளம்பரத்துக்காகக் கோழிகளைப் பியானோ வாசிக்க வைத்தார்கள், ஆட வைத்தார்கள். பிறகு ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் 'ஐ.க்யூ. ஜூ' என்று காட்சிசாலையே வைத்தார்கள். கோழியின் கழுத்தில் சங்கிலி மாட்டிச் சுண்டிப் பாருங்கள், என்ன நடக்கும்? அப்படிச் சுண்டி இழுத்துப் பழக்க முடியாத ஜீவன் அது. பழக்குபவர் தன் நேரம் பிடிக்கும் திறமையை மட்டும்தான் நம்ப வேண்டும். 1990-களில் இதே நாய்ப் பயிற்சியாளர்கள் மேரியனிடமும் அவருடைய இரண்டாம் கணவர் பாப் பெய்லியிடமும் பணம் கட்டிக் கோழி பழக்கக் கற்றுக்கொள்ள வந்தார்கள். நாயை நன்றாகப் பழக்குவதற்காகக் கோழி வகுப்பு! எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

ஸ்கின்னரும் தன் பங்குக்கு 1951 டிசம்பர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் பொதுமக்களுக்கு ஒரு கட்டுரை எழுதினார். சின்னச் சின்னத் தீனித் துண்டுகளும் அமுக்கினால் 'டிக்' என்று சத்தம் போடும் ஒரு பொம்மையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்கும் தகரத் தவளை இருக்கிறதே, அந்த வகை. சத்தம் வந்தால் தீனி வரும் என்று நாய்க்கு முதலில் புரியவைத்துவிட வேண்டும். பிறகு அது சரியாகச் செய்யும் அந்த நொடியில் 'டிக்'. தீனி ஒன்றிரண்டு நொடி தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, எதற்குக் கூலி என்பதைச் சத்தம் சொல்லிவிட்டது. இவ்வளவு எளிமையாக எழுதியும் நாற்பது வருடம் அதை நாய் வளர்ப்பவர்கள் பெரிதாகச் சீந்தவில்லை. 1960-களில் ஹவாயில் டால்ஃபின் பழக்கிய கேரன் பிரையர் 1984-இல் புத்தகமாக எழுதி, 1990-களில் ஊர் ஊராக வகுப்பு எடுத்த பிறகுதான் தகரத் தவளைக்கு மவுசு வந்தது. கோழி மாதிரியேதான் டால்ஃபினும். நீந்திப் போய்விடும் விலங்கைக் கயிற்றில் கட்டி எப்படி இழுப்பது?

குட்டியின் வயது விஷயத்துக்கு வருகிறேன். மெயின் மாநிலத்தின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பல வருடங்கள் நூற்றுக்கணக்கான குட்டிகளை வளர்த்துக் கவனித்து, 1965-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். அதிலிருந்து இன்றும் நிற்பது ஒன்று: மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம்வரை குட்டியின் மனம் திறந்திருக்கிறது. அந்தக் காலத்தில் மனிதர்களையே பார்க்காமல் வளர்ந்த குட்டிகள் பிறகு மனிதர்களைக் கண்டால் ஒதுங்கின, அவற்றைச் சரிசெய்வது பெரும்பாடாக இருந்தது. 'ஆறு மாசம் ஆகட்டும்' என்று நாம் காத்திருக்கும்போது அந்தக் கதவு மூடி மூன்று மாதம் ஆகியிருக்கும்.

இதையும் தீனியையும் ஒரே இடத்தில் சேர்த்தவர் இயான் டன்பார். லண்டனில் கால்நடை மருத்துவம் படித்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் நாய்களின் நடத்தையை ஆராய்ந்தவர். தன் சொந்தக் குட்டிக்கு வகுப்பு தேடினால் எங்கும் ஆறு மாதம் ஆகவேண்டும் என்ற பதில். சரி, நாமே தொடங்குவோம் என்று 1980-களின் தொடக்கத்தில் சிறு குட்டிகளுக்கென்றே வகுப்பு ஆரம்பித்தார். கயிறு கிடையாது. குட்டிகள் ஓடி விளையாடும். நடுநடுவே கூப்பிட்டு உட்காரச் சொல்வார்கள், ஒரு துண்டு தீனி கொடுப்பார்கள், மறுபடி விளையாடப் போகலாம்.

அவர் பரப்பிய முறைதான் இன்று வீடுகளில் செய்வது. தீனித் துண்டைக் குட்டியின் மூக்குக்கு நேரே பிடித்து, மெல்ல மேலே தூக்கி, தலைக்குப் பின்பக்கமாக நகர்த்துங்கள். மூக்கு மேலே போனால் பின்பக்கம் தானாகக் கீழே வரும். குட்டியின் எலும்புக்கூடே அப்படித்தான் அமைந்திருக்கிறது. தரையில் பின்பக்கம் பட்ட நொடியில் 'சபாஷ்', தீனி. கையை ரொம்ப உயரத் தூக்கினால் குதிக்கும், அதனால் மூக்கை ஒட்டியே இருக்கட்டும். இப்படி நாலைந்து முறை ஆனதும், கை அசையும் முன் 'சிட்' என்று சொல்ல ஆரம்பிக்கலாம். சொல் முதலில், சைகை பிறகு. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் குட்டி கையை மட்டும்தான் பார்க்கும், சொல் காதில் விழாது. படுக்க வைக்க, உட்கார்ந்த குட்டியின் மூக்கிலிருந்து தீனியை நேராகத் தரைக்கு இறக்கி, முன்னால் இழுக்க வேண்டும். 'வா' என்பதற்கு இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்து கூப்பிட்டாலே போதும், அந்த வயதுக் குட்டி எங்கே போனாலும் பின்னாலேயே வரும். ஆறு மாதத்தில் அதே நாய் அணிலைப் பார்த்தால் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கூப்பிட்டால் வருவதைக் கற்றுக்கொடுக்க ஒன்பதாவது வாரத்தைவிட நல்ல காலம் வேறு இல்லை.

துண்டு பட்டாணி அளவு இருந்தால் போதும். வேகவைத்த கோழி, முட்டை, கேரட் எல்லாம் ஆகும். நாளின் சாப்பாட்டிலேயே ஒரு கைப்பிடியை இதற்கு ஒதுக்கிவிட்டால் வயிறும் கெடாது. சாக்லேட், திராட்சை, வெங்காயம் வேண்டவே வேண்டாம், அவை நாய்க்கு விஷம். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். அதற்குள் குட்டி தூங்கிவிடும், அல்லது உங்கள் செருப்பைத் தேடிப் போய்விடும்.

"இது லஞ்சம் இல்லையா? தீனி இல்லாத நாள் என்ன பண்ணும்?" என்று கேட்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். கேள்வி நியாயமானது. லஞ்சம் என்பது வேலைக்கு முன்னால் காட்டுவது. கூலி வேலைக்குப் பின்னால் வருவது. மூக்கின் முன் தீனியைப் பிடிப்பது முதல் சில தடவைகளுக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு வெறும் கையால் அதே சைகை, தீனி இன்னொரு கையிலிருந்தோ பையிலிருந்தோ வரும். நன்றாகப் பழகியதும் ஒவ்வொரு முறையும் கொடுக்காமல், இரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று கணக்குத் தெரியாதபடி குறைக்க வேண்டும். எப்போது வரும் என்று தெரியாத கூலிக்காக விடாமல் முயற்சி செய்வது உயிர்களின் இயல்பு. லாட்டரிச் சீட்டு வாங்குபவர்களைப் பார்த்தால் தெரியும். இந்தக் குறைக்கும் கட்டத்தைச் செய்யாதவர்கள்தான் பிற்பாடு 'பிஸ்கட் இருந்தால்தான் கேட்கிறான்' என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

பலன் பற்றிய கணக்கும் இருக்கிறது. பிரிட்டனில் 364 நாய் உரிமையாளர்களிடம் விசாரித்து 2004-இல் வெளியான ஆய்வில், எத்தனை பாடங்களை வெகுமதி கொடுத்துப் பழக்கினார்களோ அதற்கேற்ப நாயின் கீழ்ப்படிதல் கூடியிருந்தது. தண்டனைக்கு அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. போர்ச்சுகலில் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போகும் 92 நாய்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு எச்சிலில் உள்ள கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளந்தது. தண்டனை முறைப் பள்ளிகளின் நாய்களிடம் அது பயிற்சிக்குப் பிறகு கூடியிருந்தது.

தடுப்பூசி எல்லாம் முடியட்டும் என்பது ஆறு மாதக்காரர்களின் இன்னொரு வாதம். பார்வோ நோயில் குட்டியைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று தெரியும், அதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் உட்காரவும் கூப்பிட்டால் வரவும் வீட்டுக் கூடத்திலேயே கற்றுக்கொடுக்கலாம், அதற்குத் தெருவுக்குப் போக வேண்டியதில்லை. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008-இல் இதில் ஒரு நிலைப்பாடு எடுத்தது. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கழிந்துவிட்டால், ஏழு எட்டு வாரக் குட்டியைக்கூட வகுப்புக்குக் கொண்டுவரலாம் என்றது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் கனமானது: மூன்று வயதுக்குள் சாகும் நாய்களின் முதல் எதிரி தொற்றுநோய் அல்ல, நடத்தைப் பிரச்சினைகள். கடிக்கிறது, குரைக்கிறது, அடங்கவில்லை என்று காப்பகத்தில் விடப்படும் நாய்கள், அங்கே யாரும் எடுத்துக்கொள்ளாமல் ஊசி போட்டுக் கொல்லப்படும் நாய்கள். நம் ஊரில் ஊசிக்குப் பதிலாக வேறு ஏதோ ஒரு ஏரியாவில் காரிலிருந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் கழுத்தில் சிவப்புப் பட்டையோடு ஒரு லேப்ரடார் இரண்டு வாரம் ஒவ்வொரு காரின் கதவருகிலும் போய் நின்றுகொண்டிருந்தது. வயது எட்டு மாதம் இருக்கும் என்றார் ஊசி போட வந்த மருத்துவர்.

அமெரிக்கன் கென்னல் கிளப் இப்போது ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிகளுக்கென்று தனி வகுப்புத் திட்டம் நடத்துகிறது, ஆறு மாதம் நிரம்பும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. போட்டிக்கான வயது மட்டும் அப்படியே இருக்கிறது.